மிட்டாதார் கார் ரிப்பேரான கதை

1943-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு நாள், திருச்செங்கோட்டிலிருந்து ராசிபுரம் வழியாக நாமகிரிப்பேட்டை போகும் தண்டாயுதபாணியின் பஸ், மல்லசமுத்திரம் தாண்டி ஒரு வளைவில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய், தட்டு அறுத்த சோளக்காட்டில் நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. பெட்ரோல் கிடைக்காத யுத்தக் காலம். பின்னால் அடுப்பு கட்டிக்கொண்டு கரியில் ஓடிய பஸ் அது. அடிபடும் அளவுக்கு அதற்கு எப்போதுமே வேகம் இருந்ததில்லை. பிரயாணிகள் இறங்கி நடந்து போனார்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ராசிபுரம் போய்ச் சேர்ந்ததாகச் சிலர் பின்னால் சொன்னார்கள்.

திருச்செங்கோட்டு மெக்கானிக் மொய்தீன் காட்டுக்குள் மண்டியிட்டுப் பார்த்தார். முன்சக்கரத்தை அச்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அது இப்படியும் அப்படியும் திரும்ப இடம் கொடுக்கும் தடித்த இரும்பு ஆணி ஒன்று உண்டு. கிங்பின் என்பார்கள். இடப்பக்கத்தில் அது ஒடிந்திருந்தது. வலப்பக்கத்தில் ஒடிவதற்குத் தயாராக இருந்தது. ஸ்டீரிங் கை வளைந்து, வண்டியின் பாரத்தைத் தாங்கும் முன் வில்லுப் பட்டைகளில் மூன்று விரிசல் விட்டிருந்தன.

தண்டாயுதபாணி மதராசிலிருந்த ஒரு சாமான் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். யுத்தம் முடிந்ததும் மறுபடி எழுதும்படி மரியாதையாகப் பதில் வந்தது. எப்போது முடியும் என்று அதில் குறிப்பிடவில்லை. மொய்தீன் சேலத்தில் கிடைத்த இரும்புக் கம்பியைக் கடைசல் பிடித்து ஆணி செய்து போட்டார். அது பதினோரு நாள் உழைத்தது. பன்னிரண்டாம் நாள் பஸ் மறுபடியும் காட்டுக்குள் போனது. இந்தத் தடவை நிலக்கடலைக் காடு.

"இதே கம்பெனி, இதே வருசத்து வண்டி ஒண்ணு இருக்குதுங்க," என்றார் மொய்தீன். "இது பஸ்ஸாக் கூண்டு கட்டிக் கெட்டுது. அது காராவே நின்னு கெட்டுது. அடியில எலும்பு ரெண்டுக்கும் ஒண்ணுதானுங்க."

"எங்க இருக்குது?"

"உங்க மாப்பிள்ளை ஊட்டுலதானுங்க."

அந்தக் காரைப் பற்றித் தண்டாயுதபாணிக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவர் தங்கை உண்ணாமலையைக் கட்டியவர் மிட்டாதார் அருணகிரி. நாமகிரிப்பேட்டைக்கு மேற்கே இரண்டு மைலில் அவர் ஊர். அருணகிரியின் பாட்டனார் காலத்தில் மிட்டா என்ற அந்தச் சிறு ஜமீனில் பதினேழு கிராமம் இருந்தது. அப்பா காலத்தில் ஆறு. அருணகிரியின் காலத்தில் பட்டம் மட்டும் முழுசாக இருந்தது. அதற்குத் துணையாக இருக்கட்டும் என்று 1928-இல் அவர் கார் வாங்கினார். அது மூன்று தடவை வெளியே போனது. மூன்றாம் தடவை கோயில் தேரடியில் திரும்பாமல் ஒரு வாழைக்காய்க் கடைக்குள் போனது. அன்றைக்குக் கொட்டகையில் ஏற்றி நிறுத்தியதுதான். பதினைந்து வருஷமாக மிட்டாதார் வீட்டில் கார் இருக்கிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

தண்டாயுதபாணி நேரில் போய்க் கேட்டார். மனைவியின் அண்ணன் கேட்டதை மறுக்க மிட்டாதாருக்கு வழியில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"எடுத்துக்கங்க மச்சான். ஆனா கழட்டறதுங்கற வார்த்தை எவன் வாயிலயும் வரக் கூடாது. கார் ரிப்பேர் ஆவுதுன்னுதான் சொல்லோணும்."

"கழட்டி எடுத்துட்டுப் போனப்பறம் என்ன சொல்லுவீங்க, மாப்ளை?"

"ரிப்பேர் முடிஞ்சுதுன்னு சொல்லுவேன். பெட்ரோலுக்குக் கூப்பன் கிடைக்கலை, அதனால ஓட்டலைன்னு சொல்லுவேன். யாரு இல்லைன்னுவாங்க?"

யுத்தத்தினால் ஆதாயம் அடைந்தவர்கள் உண்டு என்று தண்டாயுதபாணி கேள்விப்பட்டிருந்தார். அப்படி ஒருவரை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தார்.

மொய்தீன் ஒரு திங்கட்கிழமை காலையில் கட்டை வண்டியில் போய் இறங்கினார். சாக்குப் பையில் ஸ்பேனர்கள், இரண்டு சுத்தியல், உளி, அரம். ஒரு பாட்டிலில் சீமெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்தது. சீமெண்ணெயும் அளந்து கொடுத்த காலம். அந்த அரைப் பாட்டிலுக்காக அவர் வீட்டில் நாலு நாளாக விளக்கு சீக்கிரம் அணைந்தது.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து ஏழு கோழிகள் வெளியே வந்தன. ஒன்று பின் சீட்டிலேயே இருந்துகொண்டது. அது அடை காத்துக்கொண்டிருந்தது. நாலு சக்கரமும் மண்ணில் அரை அடி இறங்கியிருந்தன. பக்கத்துத் தொழுவத்து மாட்டு மூத்திரம் பதினைந்து வருஷமாக ஒரு சிறு வாய்க்கால் வெட்டிக்கொண்டு நேராக முன் அச்சுக்கு அடியில் வந்து தேங்கியிருந்தது. துருவுக்கு அதைவிட நல்ல போஜனம் கிடையாது. எங்கே நட் முடிகிறது, எங்கே போல்ட் தொடங்குகிறது என்று மொய்தீனால் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

மிட்டாதார் வெள்ளை வேட்டியும் அல்பாகா கோட்டுமாக வந்து, காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஓட்டாம வெச்சதாலதான் சாயபு, புதுசு மாதிரியே இருக்குது."

"ஆமாங்க," என்றார் மொய்தீன். ஸ்டீரிங்கைப் பிடித்துத் திருப்பினார். ஸ்டீரிங் திரும்பவில்லை. கார் மொத்தமும் லேசாக ஆடியது. கோழி ஒரு தடவை கொக்கரித்துவிட்டு அடங்கியது.

"கொஞ்சம் இறுக்கமா இருக்குது, இல்லையா?"

"கொஞ்சமுங்க."

உண்ணாமலை மோர்ச் செம்போடு வந்து வாசலில் நின்றாள். ஐம்பது வயதை நெருங்கியவள். பண்ணையத்தை இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்தான். மிட்டாதாருக்குப் பட்டத்தைப் பார்த்துக்கொள்ளவே பொழுது சரியாக இருந்தது.

"சாயபு, எத்தனை நாள்ல இந்தக் கொட்டாய் எனக்குக் காலியாவும்?" என்று கேட்டாள். "வருசா வருசம் மஞ்சளை வேவிச்சுக் காயவெச்சு, அடுக்க எடமில்லாம ஊட்டுக்குள்ள போட்டுட்டு, மூட்டைக்கு நடுவுல நாங்க படுத்துத் தூங்கறோம். கார் இங்க தனியாக் கொட்டாய்ல தூங்குது."

"காலி பண்றதுக்கு இல்ல, ரிப்பேருக்கு வந்திருக்காரு," என்றார் மிட்டாதார்.

"சரிங்க. எத்தனை நாள்ல ரிப்பேராகிக் காலியாவும்?"

மூன்று நாள் என்றார் மொய்தீன். நம்பித்தான் சொன்னார்.

அன்று முழுக்க மண்ணைத் தோண்டி, காரின் முன்பக்கத்தை மரக்கட்டைகள் கொடுத்துத் தூக்கி, ஒவ்வொரு ஆணியையும் கம்பியால் சுரண்டி, எண்ணெய்க் கலவையைச் சொட்டுச் சொட்டாக விட்டார். எண்ணெய் ஊற வேண்டும். அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ஊர் திரண்டு வந்து யோசனை சொல்லத் தொடங்கியது. புளியைக் கரைத்து ஊற்றச் சொன்னார் ஒருவர். அமாவாசை வரைக்கும் இரும்பைத் தொடவே கூடாது என்றார் இன்னொருவர். சாராயத்தை ஊற்றினால் இளகிவிடும் என்றார் மூன்றாமவர். சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து ஆறு வருஷம் ஆகியும் ஊற்றுகிற ஞாபகம் அவரை விடவில்லை. நாலாவதாக வந்தவர், காரைக் கிணற்று மேட்டிலிருந்து ஒரு தடவை உருட்டிவிட்டால் எல்லாம் தானாகக் கழன்றுகொள்ளும் என்றார். அதைத்தான் மொய்தீன் கொஞ்ச நேரம் யோசித்தார்.

மறுநாள் ஸ்பேனரைப் போட்டார். வில்லுப் பட்டையை அச்சோடு கட்டியிருக்கும் யூ-போல்ட்டுகளின் நட்டுகள் அசையவில்லை. பிடியை நீட்ட ஒரு இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினார். நட்டின் ஆறு மூலையும் மழுங்கி உருண்டை ஆனது. இனி உளியால் பிளந்துதான் எடுக்க வேண்டும். நாலு அடியில் உளியின் வாய் மடங்கிவிட்டது.

"பட்டறை எங்கீங்க இருக்குது?"

"பட்டறைக்காரன் சேலத்துல மிலிட்டரி வேலைக்குப் போயிட்டான்," என்றார் மிட்டாதார். "அவன் பொண்டாட்டிதான் இருக்கா."

பொண்டாட்டியின் பெயர் காளியாத்தாள். புருஷன் அடுப்பருகே உட்கார்ந்து இடுக்கி பிடித்த காலத்திலேயே எதிரில் நின்று சம்மட்டி அடித்தவள். அவன் போனபிறகு இடுக்கியும் அவள் கைக்கு வந்தது. ஏர்க் கொழுவும் அரிவாளும் முன்போலவே தீட்டிக் கிடைத்ததால் அவன் போனதை ஊர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. மொய்தீனின் உளியைக் காய்ச்சி வாய் எடுத்து, தண்ணீரில் தோய்த்துக் கொடுத்தாள். பிறகு அவளே ஆறு ராத்தல் சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்து வந்தாள்.

"பொம்பளை அடிக்கறதா, என்ற காரை?" என்றார் மிட்டாதார்.

"நீங்க வேணா அடிங்க சாமி. நான் உளியைப் புடிச்சுக்கறேன்," என்று சம்மட்டியை நீட்டினாள் காளியாத்தாள்.

மிட்டாதார் சம்மட்டியைப் பார்த்தார், தன் கோட்டைப் பார்த்தார். இன்றைக்கு நாள் நன்றாக இல்லை என்றார்.

அன்று சாயந்தரத்துக்குள் வலப்பக்கத்து நட்டுகள் நாலும் பிளந்து விழுந்தன. பட்டைக் கட்டு மொத்தமாக இறங்கியது. ஸ்டீரிங் கையின் மூட்டு மட்டும் கூம்பு போலத் துளைக்குள் இறங்கி, ஒட்டிக்கொண்டு நின்றது. மொய்தீன் அதன் ஒரு பக்கத்தில் பெரிய சுத்தியலை அணைத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் அடிக்கச் சொன்னார். மூட்டின் தலையில் அடித்தால் அது நசுங்கும். துளையின் பக்கவாட்டில் அடித்தால் துளை ஒரு நொடி வாயைத் திறக்கும். காளியாத்தாள் மூன்று தடவை அடித்தாள். மூன்றாவதில் மூட்டு டக்கென்று துள்ளிக் கீழே விழுந்தது.

"ரிப்பேர் நல்லா நடக்குதா?" என்று வாசலிலிருந்து ஒருவர் விசாரித்தார்.

"பிரமாதமா நடக்குதுங்க," என்றாள் காளியாத்தாள்.

வலப்பக்கக் கிங்பின் புதன்கிழமை வந்தது. இடப்பக்கத்தது வரவில்லை. அதைப் பிடித்து நிறுத்தும் குறுக்காணியைத் தட்டி எடுத்தாகிவிட்டது, எண்ணெய் விட்டாகிவிட்டது, முப்பது அடி அடித்தாகிவிட்டது. மொய்தீன் விளக்கைக் கிட்டே பிடித்து உற்றுப் பார்த்தார். ஆணியின் தலை காளான் மாதிரி விரிந்து, ஓரம் மடங்கியிருந்தது.

"இதை முன்னாடியே யாரோ அடிச்சிருக்காங்க," என்றார். "குறுக்காணியை எடுக்காமயே மேலிருந்து அடிச்சிருக்காங்க. அதான் தலை விரிஞ்சு, மேல் துளைக்குள்ள எறங்க மாட்டேங்குது. யாருங்க அடிச்சது?"

மிட்டாதார் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்ணாமலைதான் கேட்டாள். "சாயபு, அந்தத் தழும்பு வட்டமா இருக்குதுங்களா?"

"ஆமாங்க அம்மிணி. வட்டமாத்தான் பதிஞ்சிருக்குது."

"என்ற உலக்கைப் பூண் நசுங்கிப் போச்சு, எந்த நெல்லு அப்படி நசுக்குச்சுன்னு அஞ்சு வருசமா யோசிச்சிட்டிருக்கறேன்."

மிட்டாதார் தொண்டையைக் கனைத்தார். "ஒரு தடவை சும்மா தட்டிப் பார்த்தேன். யோசனை சரியான யோசனைதான்."

ஆணித் தலையை அரம் போட்டுத் தேய்க்க மொய்தீனுக்கு மீதிப் பகல் முழுவதும் ஆனது.

ரிப்பேர் என்ற சொல்லை மிட்டாதார் கொட்டகைக்குள் மட்டும் வைத்திருந்தால் கதை இத்துடன் முடிந்திருக்கும். அவர் அதைச் செவ்வாய்ச் சந்தைக்கும், ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். திருச்செங்கோட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறான், எஞ்சின் சத்தமே கேட்கவில்லை, அவ்வளவு நைஸாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். எஞ்சின் சத்தம் கேட்கவில்லை என்பது உண்மைதான். புதன்கிழமை சாயந்தரம் தலையாரி ஒரு காகிதம் கொண்டுவந்து கொடுத்தான். ஓடும் நிலையில் உள்ள மோட்டார் வாகனங்களை யுத்த காரியத்துக்கு எடுத்துக்கொள்ள உத்தரவு இருப்பதாலும், மேற்படி மிட்டாதாரின் கார் நன்றாகப் பழுது பார்க்கப்பட்டு வருவதாகத் தெரிவதாலும், மறுநாள் காலை தாலூகா ஆபீஸிலிருந்து அதிகாரி ஒருவர் பார்வையிட வருவார் என்று அதில் எழுதியிருந்தது.

மிட்டாதார் அதை இரண்டு தடவை படித்தார். கொட்டகைக்கு வந்து, மொய்தீன் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். கோட்டு மண்ணில் பட்டது, அவர் கவனிக்கவில்லை.

"சாயபு. எல்லாத்தையும் எடுத்துரு."

"ரிப்பேருங்களா, கழட்டறதுங்களா?"

மிட்டாதார் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார். "கழட்டு."

வியாழக்கிழமை விடிந்ததும் காளியாத்தாள் துருத்தியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பெட்ரோல் தொட்டியில் ஏதாவது இருக்கிறதா என்று மொய்தீன் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். குச்சியில் சிலந்தி ஒட்டிக்கொண்டு வந்தது. பயமில்லை என்று, இடப்பக்க மட்கார்டை எடுத்துவிட்டு, அச்சு முனைக்கு அடியில் களிமண்ணால் சின்ன அடுப்புக் கட்டினார்கள். அந்தப் பக்கத்துப் பட்டையை மொய்தீன் வேண்டுமென்றே கழற்றாமல் விட்டிருந்தார். அச்சு ஆடாமல் நின்றால்தான் அடி உள்ளே இறங்கும். சக்கரமும் அப்படியே இருந்தது. ஆணியைக் காய்ச்சக் கூடாது, அதைச் சுற்றியிருக்கும் இரும்பைக் காய்ச்ச வேண்டும். சுற்றி இருப்பது விரிந்தால்தான் உள்ளே இருப்பது விடும். ஆணி நுழையும் அச்சின் கண் கறுப்பிலிருந்து கருஞ்சிவப்புக்கு வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தபோது அதிகாரி சைக்கிளில் வந்து இறங்கினார்.

ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். மெலிந்த மனிதர். எட்டு மைல் எதிர்காற்றில் மிதித்து வந்திருந்தார். கொட்டகை வாசலிலேயே நின்று, நெற்றியைத் துடைத்தார்.

"இதுவா வண்டி?" என்றார். "வர வழியில விசாரிச்சேன். இது வெறும் பழைய இரும்பு, எதுக்கு வெயில்ல வீணா அலையறேன்னாங்க. அப்படியே எழுதிட்டுப் போயிடறேன். ஒரு கையெழுத்துப் போடுங்க."

மிட்டாதார் தலையை ஆட்டினால் போதும். நல்லபடியாக எல்லாம் முடிந்துவிடும். உண்ணாமலை கதவருகில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் என்ன வரப்போகிறது என்பது அவளுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

"பழைய இரும்புன்னு யாருங்க சொன்னது?" என்றார் மிட்டாதார்.

"யாரோ சொன்னாங்க. விடுங்க."

"விடறதுக்கில்லீங்க. இந்தக் காரு இருபத்தெட்டாம் வருசம் சேலத்துக்கு ஓடின வேகத்துக்கு, கலெக்டர் கார்கூடப் பின்னால வந்துச்சுங்க. ஆறு சிலிண்டருங்க. கதவைச் சாத்திப் பாருங்க, சத்தம் பெட்டி மூடற மாதிரி இருக்கும். உடம்பு கல்லு மாதிரி இருக்குதுங்க."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். நோட்டைப் புரட்டி வேறொரு பக்கத்தை எடுத்தார். கொட்டகைக்குள் ஓரடி வைத்துப் பார்த்தார். இடப்பக்கத்தில் சக்கரம் ஒழுங்காக நின்றது. வலப்பக்கம் சுவரோரம், இருட்டு. அங்கே சக்கரமே இல்லை என்பது குனிந்து பார்த்தால்தான் தெரியும்; எட்டு மைல் சைக்கிள் மிதித்தவருக்குக் குனிய மனமில்லை.

"அப்ப ஓடற நிலையிலதான் இருக்குதுன்னு சொல்றீங்க."

"ஓடற நிலைன்னு..." என்று இழுத்தார் மிட்டாதார். "ஓடோணும்னா ஓடுங்க."

"ஏனுங்க," என்றாள் உண்ணாமலை.

"சும்மா இரு."

அதிகாரி எழுதத் தொடங்கினார். கருஞ்சிவப்பும் அந்த நேரத்தில்தான் வந்தது. மொய்தீன் தட்டுக்கம்பியை ஆணியின் தலைமேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டு காளியாத்தாளைப் பார்த்தார். அவள் அதிகாரியைப் பார்த்தாள்.

"அவரு எழுதி முடிக்கட்டுமா?" என்று முணுமுணுத்தார் மொய்தீன்.

"இரும்பு நிக்காதுங்க சாயபு," என்றாள் அவள். சம்மட்டியை ஓங்கினாள்.

முதல் அடிக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் சத்தம் மாறியது. கணீரென்று இருந்தது தொம்மென்று ஆனது. தச்சு வேலையோ கொல்லு வேலையோ செய்தவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். மூன்றாவது அடிக்குப் பதினைந்து வருஷத்து ஆணி வழுக்கிக்கொண்டு கீழே போய்த் தணலில் விழுந்தது. பிடிப்பு விட்ட சக்கரம், தான் மாட்டியிருந்த இரும்போடு மெதுவாக வெளிப்பக்கம் சாய்ந்து, அரை வட்டம் உருண்டு, அதிகாரியின் காலுக்கு ஒரு முழம் முன்னால் படுத்தது. அதன் டயர் மூன்று துண்டாக உதிர்ந்தது. பின் சீட்டிலிருந்த கோழி எழுந்து, மிட்டாதாரின் தோள்மேல் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு வெளியே போனது.

அதிகாரி சக்கரத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து வலப்பக்கத்தைப் பார்த்தார்.

"ஓடுதுங்க," என்றார். எழுதியதை அடித்தார். புது வரி எழுதினார். கையெழுத்துக்கு நோட்டை நீட்டினார். மிட்டாதார் படிக்காமல் போட்டார். அந்த வரியில் என்ன இருந்தது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அதிகாரி சைக்கிளில் ஏறும்போது முகத்தைத் துண்டால் நெடுநேரம் துடைத்துக்கொண்டார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

மத்தியானம் மொய்தீன் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கிங்பின், ஸ்டீரிங் கை, மூட்டுகள், இடப்பக்கப் பட்டைக் கட்டு. வலப்பக்கப் பட்டையைக் காளியாத்தாளுக்கென்று ஒதுக்கி வைத்தார். யுத்தக் காலத்தில் அப்படிப்பட்ட உருக்கு எங்கேயும் கிடைக்காது. அவள் ஒரு பட்டையைச் சுண்டிக் காதருகில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் தூக்கிக்கொண்டாள்.

மிட்டாதார் அப்போதும் முன் சீட்டில்தான் இருந்தார். ஸ்டீரிங்கைத் திருப்பினார். இப்போது அது தடையில்லாமல், ஒரு விரலுக்கே, முழு வட்டம் சுற்றியது. மறுமுனையில் ஒன்றுமே மாட்டியிருக்கவில்லை.

"சாயபு," என்றார். "அன்னைக்கே உன்னையக் கூப்பிட்டிருந்தா ஓடியிருக்குமா?"

மொய்தீன் முடிச்சுப் போட்டுக்கொண்டே யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். நாலு நாளாக எல்லாருமாகச் சேர்ந்து சொன்ன பொய்யில் இன்னும் ஒன்று ஒட்டாமல் போயிருக்காது.

"என்னையக் கூப்பிட்டிருக்கவே வேண்டியதில்லைங்க. அந்த ஆணிக்கு மேல ஒரு சின்ன ஓட்டை இருக்குது பாருங்க. மாசத்துக்கு ஒருக்கா அதுல நாலு சொட்டு எண்ணெய் விட்டிருந்தாப் போதுமுங்க."

"நாலு சொட்டா?"

"நாலு சொட்டுங்க."

மிட்டாதார் ஸ்டீரிங்கை இன்னொரு தடவை சுற்றினார். பிறகு இறங்கி, கோட்டிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போனார். அன்று அவர் சாப்பிடும்போது உண்ணாமலை கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

அடுத்த வாரம் நாலு ஜோடி மாடுகளைப் பூட்டிக் காரின் மிச்சத்தை வெளியே இழுத்துக் களத்துமேட்டில் விட்டார்கள். கொட்டகையைச் சாணம் போட்டு மெழுகி உண்ணாமலை மஞ்சள் மூட்டைகளை அடுக்கினாள். காளியாத்தாளின் புது அரிவாள்கள் அந்த வருஷம் கரும்பு வெட்டில் நல்ல பெயர் எடுத்தன.

பஸ்ஸும் ஓடியது. ஆனியில் தொடங்கி, வளைவுகளில் திரும்பியே ஓடியது. மிட்டாதார் வாரத்துக்கு இரண்டு தடவை ராசிபுரம் போக ஆரம்பித்தார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. டிரைவருக்குப் பக்கத்து இடம் அவருக்கென்று ஏற்பட்டுவிட்டது. டிக்கெட் கேட்கும் தைரியம் கண்டக்டருக்கு இல்லை. மல்லசமுத்திரத்து வளைவு வரை போகிற நாளில், பஸ் திரும்பும்போது அவர் பின்னால் திரும்பி, முதல் வரிசையில் யார் இருந்தாலும் சொல்லுவார்.

"பார்த்தீங்களா? இப்பத் திரும்பறது என்ற காருங்க."

ஒரு நாள் எடப்பாடிச் சேலை வியாபாரி ஒருவர், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப மேல இருக்கறது யாரோடதுங்க?"

"அது என்ற மச்சானுது," என்றார் மிட்டாதார். "அதான் இந்தச் சத்தம் போடுது."